நின்று நின்று ஓடிய வீடியோ

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கள்ளக்குறிச்சியில் எங்கள் மளிகைக் கடைக்கு வருகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் கம்ப்யூட்டர் மீது கோபப்பட்டால் அதற்கு உறைக்காது என்பது எனக்கு இந்த வருடம்தான் தெரிந்தது.

முதலில் என் தங்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. அதற்குள் பேசக் கற்றிருந்ததால் பேச்சு மட்டும் தங்கியது. மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அதிலும் அத்தா என்று நாங்கள் கூப்பிடும் எங்கள் அப்பாவின் உதடு என்றால் அவளுக்கு அச்சடித்த எழுத்து மாதிரி. அத்தா தாடி வைத்திருந்தாலும் மீசையை ஒட்டக் கத்தரித்துவிடுவார். மார்க்கத்துக்காகச் செய்தது, தங்கைக்கு வசதியாகப் போயிற்று. நாளடைவில் அவளிடம் பேசும்போது சத்தத்தையே விட்டுவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு பேரும் எதிரெதிரே வாயை மட்டும் அசைத்துப் பேசிச் சிரிப்பார்கள். பாதி என்னைப் பற்றித்தான் இருக்கும். "இன்னா சிரிப்பு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, நீ சாப்புடு" என்பார்.

எனக்கோ மேலுதட்டை மூடும் மீசை. நான் சொல்வது அவளுக்குப் பாதிதான் புரியும். மீதியைக் கைச்சாடையில் ஒப்பேற்றிவிடுவேன். முப்பது வருடமாக அப்படித்தான் ஓடியது, நானும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

போன வருடம் என் மனைவியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். எல்லோரும் வேன் பிடித்துக் கல்வராயன் மலைக்குப் போகலாம் என்று ஆரம்பித்தது அத்தாதான். ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் அள்ளும் நாள். எனக்கு விருப்பமே இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலையேறும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தேன். வெள்ளிமலையில் டீ குடிக்க இறங்கியபோது அடக்க முடியாமல் கொட்டிவிட்டேன்.

"உங்களுக்கு இன்னா அத்தா, கடையை என் தலையில கட்டிட்டு ஜாலியா ஊர் சுத்திக்கினு இருக்கலாம்."

அத்தா டீயை எடுத்துக்கொண்டு போய்ச் சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தார். மச்சான் தன் புதுப் போனில் சுற்றிச் சுற்றி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில்தான் தங்கை நின்றிருந்தாள், ஆனால் பள்ளத்தாக்கு பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகு வீடியோவைப் பார்த்துத் தெரிந்தது.

நாலு மாதத்தில் அத்தா போய்விட்டார். விடியற்காலை ஃபஜர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு, மலைக்குப் போனதையெல்லாம் சேர்த்து ஒரே வீடியோவாக்கி வைக்கலாம் என்றாள் என் மனைவி. மச்சான் ஊருக்குக் கிளம்பும் முன் அத்தனையையும் எங்கள் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, போனில் இடமில்லை என்று அங்கே அழித்துவிட்டிருந்தார். அதே கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைத்த ஒரு எடிட்டிங் மென்பொருளைப் போட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, கடை பூட்டியிருந்த மத்தியானத்தில் தங்கையும் நானும் அதன் முன்னால் உட்கார்ந்தோம்.

சத்தம் ஒழுங்காக ஓடியது. காற்றின் இரைச்சல், மனைவியின் சிரிப்பு, வேன் ஹாரன் எல்லாம் கேட்டன. படம் மட்டும் நின்று நின்று ஓடியது. கொஞ்சம் நகரும், உறையும், பிறகு எங்கேயோ போய்க் குதிக்கும். எனக்கு அது பாதி வீடியோ. காது கேட்காத அவளுக்கு அதில் ஒன்றுமே இல்லை. இருந்தும் ஓரிடத்தில் என் தோளைப் பிடித்தாள்.

"நிறுத்து ண்ணா. அத்தா என்னைப் பாத்து பேசறாரு."

தூரத்தில் கட்டைச் சுவரில் அத்தா, கையில் டீ கிளாஸ். முகம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. உதடு அசைந்தது. ஏழு நொடி இருக்கும். மைக்கில் காற்றுச் சத்தம் மட்டும்தான். தங்கை அன்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால், அத்தா சொன்னது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

"இன்னா சொல்றாரு?" என்றேன்.

"'உன் அண்ணன்'னு ஆரம்பிக்கிறாரு. அப்புறம் நின்னுபோச்சு. பெருசு பண்ணி ஒழுங்கா ஓட்டு."

அதற்கு ஒரு நிமிடம் முன்னால் நான் அவரிடம் என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

பத்துத் தடவை ஓட்டினேன். பத்துத் தடவையும் 'உன் அண்ணன்' வரைக்கும் வந்து நின்றது. ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தால் உதடு உறைந்து நின்றது. அது அசைந்தால்தான் அவளுக்குப் பேச்சு. முன்னோட்டத்தின் தரத்தைப் பாதியாக்கினேன், காலாக்கினேன். பில் மென்பொருளை மூடினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். சின்னசேலத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் செய்தேன்.

"மெஷின் பழசுங்க. வீடியோ சைஸ் ஜாஸ்தி, ரேம் கம்மி. இன்னா பண்ண முடியும்?" என்றார். பிறகு யோசித்து, "ப்ராக்ஸின்னு ஒண்ணு இருக்கும் பாருங்க. பெரிய வீடியோவுக்கு பதிலா சின்னதா ஒரு காப்பி எடுத்துக்கும். அத வச்சி ஓட்டினா நிக்காம ஓடும்" என்றார்.

தேடிக் கண்டுபிடித்து, இருப்பதிலேயே ஆகச் சின்ன அளவைத் தேர்ந்தெடுத்தேன். மொத்தத்துக்கும் சின்ன நகல் எடுத்து முடிக்க அந்த மத்தியானம் முழுவதும் ஆயிற்று. தங்கை காத்திருந்து பார்த்துவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று போய்விட்டாள்.

அப்போதே அந்த ஒரு துண்டை மட்டும் வேறு யாருடைய போனுக்காவது மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கலாம் என்று இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அன்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் கடையில் கூட்டம். பில் வரவில்லை. கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று திரையில் வந்து நின்றது. திறந்து பார்த்தால் மலை வீடியோ எல்லாம் இரண்டிரண்டாக இருந்தன, பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று. இந்த இடத்தில்தான் என் கடைக்காரப் புத்தி வேலை செய்தது. துவரம்பருப்பு மூட்டை வந்தால் அதைப் பிரித்து அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பொட்டலம் போடுவோம். போட்டு முடித்ததும் சாக்கை உதறி மடித்துத் தூக்கிப் போடுவோம். மூட்டையில் இருந்தது பொட்டலத்துக்கு வந்துவிட்டது, இனி சாக்கு எதற்கு? அத்தாவின் காலத்திலிருந்து என் கைக்குப் பழகிய வேலை அது. ஒரு மத்தியானம் முழுக்கப் பெரியதைச் சின்னதில் போட்டாகிவிட்டது. பெரியது காலிச் சாக்கு. அத்தனையையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். உடனே பில் வந்தது. வேலையைச் சுருக்காக முடித்த திருப்தி வேறு.

வெள்ளிக்கிழமை தங்கை வந்தாள். மென்பொருள், கோப்பைக் காணவில்லை என்று கேட்டது. சின்னதைக் காட்டினேன், ஏற்றுக்கொண்டது. வீடியோ தண்ணீர் மாதிரி ஓடியது. நான் பெருமையாக அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அத்தாவின் முகத்தைப் பெரிதாக்கினேன்.

முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. வாய் இருந்த இடத்தில் நாலைந்து பழுப்புக் கட்டங்கள் மாறி மாறி வந்து போயின. தங்கை திரைக்குக் கிட்டே போனாள், பின்னால் வந்தாள், மறுபடி கிட்டே போனாள்.

"தெரியல ண்ணா. பழைய பெரிய வீடியோவப் போடு."

"அது இல்ல" என்றேன். மீசை மறைத்ததில் அவளுக்குப் புரியவில்லை. திருப்பிச் சொன்னேன். அப்போதும் புரியவில்லை. கடைசியில் ஒரு பில் காகிதத்தின் பின்பக்கத்தில், 'பெரியதை அழித்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அதை நாலாக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சின்னசேலம் போனேன். கம்ப்யூட்டர்காரர் அழிந்ததை மீட்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். கோப்பின் பெயர் வந்தது, திறக்கவில்லை. "ஒரு வாரமா இதுலயே பில் போட்டுக்கினு இருந்தீங்க இல்ல? அந்த எடத்துல உங்க பில்லு வந்து உக்காந்துக்கிச்சிங்க" என்றார். அவரிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். மச்சானுக்குப் போன் செய்தேன். அவரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தங்கை தானாகவே கடைக்கு வந்து அந்த ஏழு நொடியைப் போடச் சொன்னாள். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ பேசு ண்ணா. அத்தா மாதிரி, சத்தமில்லாம. 'உன் அண்ணன்'னு ஆரம்பிச்சி, அவரு இன்னா சொல்லியிருப்பாரோ அதச் சொல்லு. வாய் தொறந்து மூடறது ஒத்துப்போவுதான்னு பாக்கறேன்."

நான் ஆரம்பித்தேன். உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "மீசை மறைக்குது."

மறுநாளே முடிவெட்டும் கடைக்குப் போய் மீசையை அத்தா மாதிரி ஒட்டக் கத்தரித்துக்கொண்டேன். கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். உன் அண்ணன் டீ குடிச்சானா? திரையைப் பார்த்தாள், ஓடவிட்டாள், இல்லை என்றாள். உன் அண்ணனைக் கூப்பிடு. பார்த்தாள், இல்லை. உன் அண்ணனுக்குக் குளிருது போல. மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள், இல்லை. ஒவ்வொன்றுக்கும் திரைக்கும் என் வாய்க்குமாக நாலைந்து முறை கண்ணை ஓட்டிய பிறகுதான் சொன்னாள். இப்படி ஏழெட்டு சொல்லியிருப்பேன். எல்லாம் நல்லதாகவே பொறுக்கிச் சொல்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

பிறகு, முதலிலிருந்தே மனதில் கிடந்ததைச் சொன்னேன். உன் அண்ணன் என்னைச் சுமையா நினைக்கிறான்.

"இல்ல ண்ணா" என்றாள் உடனே. திரைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.