ஒட்டிய உறையைத் திறந்தவன்

என் மடமையை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். அக்கம்பக்கத்தார் சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட அதுதான் எனக்கு மரியாதை. சென்னையிலிருந்து என் பெயருக்கு ஓர் உறை வந்தது. ஒட்டிய இடத்தின் குறுக்கே முத்திரை. அதன் கீழே சிவப்பு மையில் ‘பிரிக்காமல் ஒப்படைக்கவும்’. உள்ளே இருந்தது என் தொழில் நடத்தைக்கான சான்றிதழ். நாற்பத்தாறு வயதில் என்னைப் பற்றி யாரோ நல்லதாக நாலு வார்த்தை எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் இருக்க நான் என்ன முனிவனா? வெள்ளவத்தை அடுக்குமாடியின் மூன்றாம் மாடிச் சமையலறையில் நின்று, கத்தரிக்கோல்கூடத் தேடாமல் கிழித்தேன். ‘இவர் மீது புகார் எதுவும் இல்லை.’ அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள். இருபத்திரண்டு வருட உழைப்புக்கு ஒரு வரி.

திருச்சியில் நான் பிசியோதெரபிஸ்ட். மனைவி கொழும்புக்காரி, அவளுக்கு இங்கே நல்ல வேலை அமைந்ததும், என் சிறிய கிளினிக்கை என்னிடம் தொழில் பழகிய பிரகாஷிடம் விட்டுவிட்டு வந்தேன். இங்கே தொழில் செய்யப் பதிவு வேண்டும். பதிவுக்கு ஒரு பரீட்சை. அது வருடத்துக்கு ஒருமுறைதான். பரீட்சைக்கு விண்ணப்பிக்க அந்த உறை, ஒட்டியது ஒட்டியபடி. பதிவு அலுவலகத்தில் கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் இருந்த அம்மையார் என் உறையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வரவேற்புச் சொல்கிறார்கள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

“மாத்தயா, இது திறந்திருக்குத்தானே. எடுக்க ஏலாது.”

“வேணும்னா இங்கேயே கம் போட்டு ஒட்டித் தர்றேன் மேடம்.”

அதற்கு அவர் சிரிக்கவில்லை. அந்த வருடத்துப் பரீட்சை அப்படிப் போனது.

காலி வீதியில் காய்கறி வாங்கும்போதெல்லாம் பெரிய வெங்காயத்தோடு மனதுக்குள் சண்டை போடுவேன். எந்த ஊரில் விளைந்து வந்தாலும் அதற்கு இங்கே பெயர் பம்பாய் வெங்காயம். பிறந்த ஊர்ப் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்டே எல்லாச் சமையலறைக்குள்ளும் போகிறது. அதன் நடத்தைக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. சரக்குக்கு வழி விட்டாயிற்று, இனிச் சேவைகளுக்கும் விடப்போகிறோம், ஒருவர் பதிவை மற்றவர் ஏற்கப்போகிறோம் என்று இரு நாடுகளும் பேசுவதாக அவ்வப்போது பத்திரிகையில் வரும். பிறகு இங்குள்ள தொழிற்சங்கங்களின் எதிர்ப்பு வரும். பிறகு ஒன்றும் வராது.

அந்தச் சங்கங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. போர்க்காலத்தில் ஒரு பெண் திருச்சியில் என் கிளினிக் படியேறி வந்தார். கொழும்பில் இதே தொழில் படித்தவர், அகதி முகாமிலிருந்து வருகிறேன், இங்கே தொழில் செய்ய வழி உண்டா என்றார். நான் அப்போது மாவட்டச் சங்கத்தின் செயலாளர். சுழல் நாற்காலி வேறு புதிது. உங்கள் ஊரிலிருந்து சான்றிதழை ஒட்டிய உறையில் வரவழைத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். நேரில் போய்க் கேட்டால்தான் தருவார்களாம். நேரில் போக முடியாமல்தானே அவர் படகேறி வந்திருந்தார். “சட்டம்னு ஒண்ணு இருக்கேம்மா” என்று சொல்லி நாற்காலியை அரைச்சுற்றுச் சுற்றினேன். அவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்களுக்குக் கீழ்மாடியில் செல்வநாயகம். சுங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் உறையைக் கிழித்த அடுத்த மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்தது. பேச்சு மட்டும் தப்பியது. அந்தக் கையால் மறுபடி கையெழுத்து வைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பெண் இரண்டே வாரத்தில் லண்டனுக்கு வேலைக்குப் போய்விட்டார். நான் இறங்கிப் போனேன்.

“சார், மேல் மாடியிலதானே இருக்கேன். தினமும் அரை மணி நேரம் வந்து பாத்துக்கறேன். ஃபீஸெல்லாம் வேண்டாம்.”

“உமக்குப் பதிவு இருக்கோ?”

“திருச்சியில இருக்கு.”

“இது திருச்சியோ? தம்பி, முப்பத்தொரு வருஷம் துறைமுகத்திலை இருந்தனான். கடதாசி இல்லாமல் ஒரு சாமானையும் இந்தக் கை விட்டதில்லை. இப்ப அந்தக் கையையே கடதாசி இல்லாமல் விடச் சொல்லுறீர்.”

கடைசியில் கனடாவில் இருக்கும் மகள் இணையத்தில் தேடி, வாட்ஸப் வீடியோவில் பயிற்சி தரும் ஒருவரைப் பிடித்துக் கொடுத்தாள். அது என் பிரகாஷ். போனை அசையாமல் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்குப் பதிவு வேண்டாம் என்பதால் அந்த உத்தியோகம் எனக்குக் கிடைத்தது.

“அவனும் திருச்சிதானே சார்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவர் கடல் தாண்டேல்லை. நீர் தாண்டிட்டீர்.”

திரையில் தெரியாதது எனக்குத் தெரிந்தது. பயிற்சி என்று செல்வநாயகத்தின் மனைவி கையைப் பிடித்துத் தூக்கித் தூக்கி அவர் தோள்மூட்டு ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. முழங்கையைக் கீழிருந்து தாங்கினால் போதும். என் இரண்டு கைகளும் போனில் இருந்தன. “பிரகாஷ், ஷோல்டர் எறங்கியிருக்குடா” என்றேன். அவன் பதில் சொல்வதற்குள் செல்வநாயகம் முந்திக்கொண்டார். “நீர் கதையாதையும். கதைச்சாலும் அது வைத்தியம்தான்.” பிரகாஷ் திரையிலிருந்து சொல்லிப் பார்த்தான்; அந்தப் பிடி அவர் மனைவிக்கு வசப்படவில்லை. செல்வநாயகம் கண் மூடும் நேரமாகப் பார்த்துத் தொட்டிருக்கலாம்தான். ஆனால் ‘பதிவின்றித் தொழில் செய்ததில்லை’ என்று விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்; புகார் இல்லாதவன் என்ற அந்த ஒரு வரியும் போய்விடும். அந்த ஒரு வரிக்காகத்தான் சும்மா நின்றேன்.

ஒன்பது மாதம் அப்படி நின்றேன். விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின. நகம் உள்ளங்கையில் குத்தாமல் இருக்க இப்போது அவர் மனைவி கைக்குட்டையைச் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறார். இப்படி மூடிய கை மறுபடி திறப்பதில்லை என்று எனக்குத் தெரியும். பிரகாஷுக்கும் தெரியும். இருவரும் அவரிடம் சொல்லவில்லை.

நேற்றுக் காலை சென்னையிலிருந்து இரண்டாவது உறை வந்தது. முத்திரை அப்படியே இருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன். பயிற்சி நேரம். திரையில் பிரகாஷ் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் என் பெயர்ப்பலகை இன்னும் தொங்குகிறது, பித்தளையைத் துடைத்து வைத்திருக்கிறான். என் பெயர் அங்கே சுவரில். நான் இங்கே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சன்னலுக்கு வெளியே கடற்கரை ரயில் போனது. கக்கத்து உறையை எடுத்துக் காட்டப் போய்ப் போனைச் சாய்த்துவிட்டேன்.

“சார், உறை வந்துடுச்சு. இந்தத் தடவை பிரிக்கலை. பரீட்சை முடிஞ்சதும் முதல் ஆளா உங்க கையைத்தான்…”

செல்வநாயகம் உறையைப் பார்த்தார். மடியில் கிடந்த கையைப் பார்த்தார்.

“போனை நேராப் பிடியும்.”