எண்ணூர் சாலையில் சீனமும் ஐரோப்பாவும்

காலை எட்டேகாலுக்கு ஓட்டல் வாசலில் வேன் வந்து நின்றதும் டயர் நாலையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்குச் சுமார் ஐந்நூறு கிலோமீட்டர். முந்தாநாள் இரவு ரயிலில் அவ்வளவு தூரமும் பெட்டியைப் பூட்டிய சங்கிலியை இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழில், ஒருவர் பேசுவதை இன்னொருவருக்கு மாற்றிச் சொல்வது. திருப்பூருக்குப் பின்னலாடை இயந்திரம் விற்க வந்த சீனர்களின் பக்கத்தில் நின்று நின்று அவர்கள் மொழி வந்தது. பிறகு அங்கேயே போய் இரண்டு வருடம் படித்தேன்.

சீனத் தலைவர்களும் ஐரோப்பியத் தலைவர்களும் உட்கார்ந்து பொருளாதாரம் பேசும் மாநாடுகள் வழக்கமாக அவர்கள் ஊர்களில்தான் நடக்கும். இந்தத் தடவை இரு தரப்புக்கும் பொதுவான இடமென்று சென்னையில் ஒரு சிறிய அமர்வு வைத்திருந்தார்கள். முதல் நாள் முழுக்க மின்சாரக் காருக்கு வரி போடலாமா கூடாதா என்று சிரித்த முகத்தோடு கடித்துக்கொண்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து வியர்த்தேன். ஒரு சொல் பிசகினால் இரண்டு கண்டங்களுக்கு மனஸ்தாபம் வந்துவிடும் என்று சாப்பாடு கூட இறங்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் கள ஆய்வு. ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரை துறைமுகச் சாலையில் சரக்கு எப்படிப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பது. போக இருபது கிலோமீட்டர், மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றார்கள்.

வேனில் என்னோடு இரண்டு பேர். திரு. லின், சீன வர்த்தக சங்கம் ஒன்றின் துணைத் தலைவர், அறுபது வயதிருக்கும், ஆங்கிலம் தெரியாது. திருமதி ஹன்னா, ஐரோப்பிய உற்பத்தியாளர் கூட்டமைப்பின் பிரதிநிதி, வேனில் தலை இடிக்கும் உயரம், சீனம் தெரியாது. ஏற்பாட்டாளர்களின் கார் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனது. எங்கள் ஓட்டுநர் தேசப்பன், எண்ணூருக்கு முன்னால் உள்ள ஒரு மீனவர் குப்பத்துக்காரர். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறாராம்.

ராஜாஜி சாலை தாண்டி ராயபுரம் பாலம் இறங்கியதும் லாரிகள் தொடங்கிவிட்டன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கண்டெய்னர் பெட்டி, நீலம், சிவப்பு, துருப் பிடித்த பச்சை. இரண்டு பக்கமும் அவை நகரும்போது வேனுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்று சாய்ந்தால் எங்களைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டபடி சீட் பெல்ட்டை இறுக்கினேன்.

காசிமேட்டில் மீன் வாடை வந்தது. "நம்ம வூட்டுக்காரி இங்கதான் மேடம் மீன் விக்குது. விடிகாலைல வந்தா சாயங்காலந்தான் வூட்டுக்கு வரும்," என்றார் தேசப்பன்.

ஓட்டுநர் இப்படிச் சொல்கிறார் என்று இருவருக்கும் சொன்னேன். இருவரும் மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

திருவொற்றியூரில் டீ குடித்தோம். டீ பதினைந்து ரூபாய், லின்னுக்குச் சர்க்கரை இல்லாமல். கண்ணாடி டம்ளரைப் பிடித்தபடி லாரி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "இந்தப் பெட்டிகளில் எத்தனை எங்கள் ஊரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் வந்திருக்குமோ," என்றார்.

"நிரம்பி வருகின்றன, காலியாகத் திரும்புகின்றன," என்றார் ஹன்னா. "நேற்று முழுக்க அதைத்தான் சொன்னேன்."

"காலியாகத் திரும்ப வேண்டும் என்று எங்களுக்கு ஆசையா? நாங்கள் கேட்கும் இயந்திரங்களை நீங்கள் விற்க மாட்டேன் என்கிறீர்கள்."

இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்லி முடிப்பதற்குள் என் டீ ஆறிவிட்டது. தேசப்பன் என் பக்கம் குனிந்தார். "இன்னா மேடம், சண்டையா?"

"வியாபாரம் பேசறாங்கண்ணா."

"அப்ப சண்டதான்."

பத்து மணி வாக்கில் கடலோரச் சாலைக்கு வந்தோம். வலப்பக்கம் கடல், அலை ஊரைத் தின்னாமல் இருக்கக் கொட்டிய கரும்பாறைகள். இடப்பக்கம் நிற்கும் லாரிகள். ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுத்திருந்தார்கள். அவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்குமாம். எர்ணாவூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்களுக்கும் அதே கதி வந்தது. வழிகாட்டிக் காருக்கும் எங்களுக்கும் நடுவே நாலைந்து லாரிகள் புகுந்துவிட்டன. எல்லாம் நின்றது.

முதலில் ஹன்னாதான் மூக்கைச் சுளித்தார். முடிவெட்டும் கடையில் தலைக்குச் சாயம் பூசும்போது மூக்கில் ஏறுமே, அந்த நெடி. ஒரு நிமிடத்தில் அது தொண்டைக்கு இறங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. எதிரே ஆட்கள் வந்தார்கள். ஈரத் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, சைக்கிளிலும் பைக்கிலும், ஒருவர் கையில் கோழியோடு. யாரும் கத்தவில்லை. இது அவர்களுக்குப் புதிதில்லை என்பது அந்த நடையிலேயே தெரிந்தது. நான் கதவுப் பூட்டை அழுத்திப் பார்த்தது அதைக் கண்டுதான்.

தேசப்பன் கண்ணாடியை ஏற்றி ஏசியை நிறுத்தினார். வெளியே ஒருவரிடம் சைகையில் கேட்டு, "கேஸு லீக்காம் மேடம்," என்றார். எந்தத் தொழிற்சாலை என்று அவர் சொன்னார். நிச்சயமாகத் தெரியாததை நான் எழுதப் போவதில்லை. என் கைப்பேசி அடித்தது. ஏற்பாட்டாளர். உடனே வண்டியைத் திருப்புங்கள், விருந்தினர்களை ஓட்டலுக்குக் கொண்டுவாருங்கள், ஓட்டுநரிடம் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். தேசப்பன் வண்டியைத் திருப்பவில்லை. அவரும் கைப்பேசியில் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார். யாரும் எடுக்கவில்லை. அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"எம் பொண்ணு வூட்ல தனியா கீது மேடம். ஜொரம். மாத்திரை போட்டுகினு தூங்கும். நான் போயே ஆவணும். இவங்கள கேட்டு சொல்லுங்க. வேண்டாம்னா சாவிய உங்க கைல குடுத்துட்டு நடந்தே பூட்றேன்."

நான் திரும்பி மாற்றிச் சொன்னேன். முதலில் சீனத்தில், பிறகு ஆங்கிலத்தில். "என் மகள் வீட்டில் தனியாக இருக்கிறாள். காய்ச்சல், தூங்கிக்கொண்டிருப்பாள். நான் போயே ஆக வேண்டும்."

"போங்கள்," என்றார் லின். ஹன்னா என் தோளைப் பிடித்து, "உடனே போவோம், அவள் பெயர் என்ன?" என்றார்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று நடுவில் நம்மைச் செருகக் கூடாது. ஆனால் அது மேடையில் பேசுகிறவர்களுக்கு. தேசப்பன் பேசியதையெல்லாம் காலையிலிருந்து 'ஓட்டுநர் சொல்கிறார்' என்றுதான் சொல்லி வந்தேன். பயத்தில் நாக்கு உலர்ந்தபோது பழக்கம் முந்திக்கொண்டது. அவர்கள் காதில் அது என் மகளாகிவிட்டது. நான் எந்த ஊர்க்காரி என்று இருவரும் கேட்டதே இல்லை. நம்பாமலிருக்க அவர்களுக்கு ஒரு காரணமும் கிடையாது.

ஒரே வாக்கியத்தில் திருத்தியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் தேசப்பன் என்னைப் பார்த்தார். "இன்னா சொல்றாங்க?"

"போகலாங்கிறாங்க."

அவர் வேனை இரண்டு லாரிகளுக்கு நடுவே நுழைத்துச் சந்துக்குள் இறக்கினார். குப்பம் அரை கிலோமீட்டர். லின் தன் கைக்குட்டையில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து என் மூக்கில் வைத்து அழுத்தினார். ஹன்னா என் கையை விடவேயில்லை. ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஆறுதல் முன்சீட்டில் இருப்பவருக்குப் போக வேண்டியது என்பது தெரிந்தும் கையை உருவிக்கொள்ளவில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது.

தெரு முனையில் வண்டி நின்றதும் தேசப்பன் கதவைத் திறந்து ஓடினார். பின்னால் இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். மகள் உள்ளே இருக்கும்போது தாய் வண்டியில் உட்கார்ந்திருப்பாளா? வேறு வழியில்லாமல் நானும் இறங்கி ஓடினேன். என் வாழ்நாளில் ஆபத்தை நோக்கி ஓடியது அந்த ஒரு தடவைதான், அதுவும் வெட்கத்துக்குப் பயந்து.

தெருவில் ஒரு ஆள் இல்லை. எங்கோ அணைக்காத அடுப்பில் குழம்பு தீயும் வாசனை நெடியோடு கலந்து வந்தது. இறக்கையை விரித்தபடி ஒரு கோழி கிடந்தது. மூச்சு இழுத்தால் நெஞ்சில் ஊசி குத்தியது. இழுக்காமல் இருக்கவும் முடியவில்லை. இங்கேயே விழுந்தால் என்னை யார் தூக்குவார்கள் என்ற நினைப்பைத் தவிர மண்டைக்குள் எதுவும் இல்லை. தேசப்பன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பாய் இருந்தது, போர்வை இல்லை, பெண் இல்லை.

"மோனிஷா," என்று அவர் கூப்பிட்டார். இருமல்தான் வந்தது. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று புகுந்து புகுந்து பார்த்தார். பிறகு ஏதோ தோன்றியதுபோல் கடற்கரையைப் பார்த்து ஓடினார்.

மணலில் ஒரு படகுகூட இல்லை. எல்லாம் தண்ணீரில் இருந்தன. அலை உடையும் இடம் தாண்டி, தெற்கே தள்ளி, ஏழெட்டு ஃபைபர் படகுகள் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பெண்கள், பிள்ளைகள், வயசானவர்கள். கரையில் நெடி குறைவாக இருந்தது. தேசப்பன் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார். ஒரு படகிலிருந்து யாரோ கையை ஆட்டினார்கள். அவர் கைப்பேசி அடித்தது. எடுத்துக் கேட்டார். அப்படியே மணலில் உட்கார்ந்தார்.

"ஏத்திட்டாங்களாம் மேடம். பக்கத்து வூட்டு அக்கா போர்வையோட தூக்கியாந்து ஏத்திட்டாங்களாம்." முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எதற்குக் கடலுக்குள் போகிறார்கள் என்று கேட்டேன்.

"அப்பால எங்க போறது? காத்து குப்பத்தப் பாத்து அடிக்குது. ரோடு பூரா லாரி நின்னுகினு கீது. ஒரு ஆம்புலன்ஸ் உள்ள வர முடியாது. எங்களுக்கு இந்தப் பக்கந்தான் வழி. வாட பட்டா புள்ளைங்கள ஏத்தித் தள்ளிட்றதுதான் வழக்கம்."

லின்னும் ஹன்னாவும் மணலில் தடுமாறி வந்து சேர்ந்தார்கள். ஹன்னா கண்ணைக் கையால் மறைத்துக் கடலைப் பார்த்தார். "எந்தப் படகில் இருக்கிறாள் உங்கள் மகள்?"

இனி இழுக்க முடியாது. "அவள் இவருடைய மகள்," என்றேன் இரண்டு மொழியிலும். "நான் அவர் பேசியதை அப்படியே சொன்னேன். முதலில் வழக்கத்தில் வந்துவிட்டது. பிறகு திருத்தவில்லை."

ஹன்னா காதுவரை சிவந்து, தேசப்பனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். லின் படகுகளைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னார்: "திருத்தாதது நல்லதாயிற்று. ஓட்டுநரின் மகள் என்று சொல்லியிருந்தால், அவர் இறங்கிப் போகட்டும், எனக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்." ஆங்கிலத்தில் அதைக் கேட்ட ஹன்னா, "நானும்," என்றார். அந்த மாநாட்டில் இரு தரப்பும் ஒத்துப்போனதை நான் அப்போதுதான் கேட்டேன்.

"இன்னா சொல்றாரு மேடம்?"

"அப்புறம் சொல்றேண்ணா."

மதியத்துக்கு மேல் நெடி அடங்கி, படகுகள் கரைக்கு வந்து, மோனிஷாவை அப்பா தூக்கி இறக்கிய பிறகுதான் நாங்கள் திரும்பினோம். பதினோரு வயதுப் பெண், மெலிந்தவள், கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. மாலை அமர்வில் எல்லாரும் முகம் கழுவிக் கோட்டு மாட்டி உட்கார்ந்தார்கள். மறுபடி வரி, மறுபடி இயந்திரம். பேச்சு தொடரும் என்று ஒரு பக்க அறிக்கை வந்தது. கள ஆய்வு பயனுள்ளதாக இருந்தது என்று அதில் ஒரு வரி. ஒரு சொல் பிசகாமல் அதைச் சீனத்தில் படித்தேன்.

ஏழு மணிக்கு தேசப்பனே என்னை சென்ட்ரலில் விட வந்தார். பாப்பா எங்கே என்று கேட்டேன்.

"வூட்லதான் மேடம். அவங்கம்மா வந்துடுச்சு."

"திரும்ப அதே வீட்டுக்கா?"

"வேற வூடு ஏது?" என்றவர், உற்சாகமாகத் தொடர்ந்தார். "ஆனா பெரிய மனுசங்க மேடம் ரெண்டு பேரும். அவங்க யாரு, நான் யாரு? எம் பொண்ணுக்காக அவ்ளோ கேஸுக்குள்ள வந்தாங்க. குப்பமே பேசிக்கினு கீது. கரைல அந்தச் சீனாக்காரர் இன்னா சொன்னாரு?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். அவருக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் இன்னொரு தடவை சாலை நின்று நெடி வரும் நாளில், பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று அவர் காத்திருந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயம்தான் என்னை உண்மையைச் சொல்ல வைத்தது. வாய் பிசகியது, திருத்தாமல் விட்டது, லின் சொன்னது, எல்லாம் சொன்னேன்.

அவர் சிக்னலில் வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்.

"அதான் வந்தாங்களா," என்றார்.

சென்ட்ரல் வாசலில் என் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கைப்பேசி எண் கேட்டார். கொடுத்தேன். அழுத்திப் பார்த்து, என் கைப்பேசி அடித்ததும் நிறுத்தினார். "அடுத்த தபா கேஸு வந்தா, மேடம் பொண்ணு உள்ள கீதுன்னு சொல்லிக்கிறேன்," என்றார். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர், மேற்கே மலை, மாலையானால் குளிர்ந்த காற்று. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று நாங்கள் பார்ப்பதே இல்லை. நான் மட்டும் இப்போது பார்க்கிறேன். கைப்பேசியில் தேசப்பன் பெயர் வந்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன். இதுவரை தீபாவளி, பொங்கல் வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். அப்போதும், பாப்பா எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன்.