ஒரே ஒரு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

பத்தாவது மார்க் எழுதிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஆளுக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள். தொலைத்துவிட்டு இன்னொன்று கேட்டால் நாயாய் அலைய விட்டுவிடுவார்கள். என் பதினேழாவது வயதில் நான் எந்த ஊரில் படிப்பேன் என்பதை அந்த ஒற்றைப் புத்தகம்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ப்ளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தேன், ரிசல்ட் வரவில்லை. பெயர்பெற்ற தனியார் கல்லூரிகள் சில, ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே நேர்முகம் வைத்து முதல் பட்டியல் ஒன்று போட்டுவிடும். அதில் பெயர் வந்தால் இடம் உறுதி. வராவிட்டால் ஜூன் மாதக் கூட்டத்தில் முட்டி மோத வேண்டியதுதான். ஆனால் முதல் பட்டியலுக்கு மனுப் போடுகிறவர்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் ஒரிஜினலையே விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். கெசட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட நகலெல்லாம் செல்லாது. ஒரே பிள்ளை இரண்டு இடத்தில் துண்டு போட்டு வைக்கக் கூடாதாம். நல்ல நியாயம்!

என் கையில் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று மதுரையிலேயே இருந்த பெண்கள் கல்லூரி. கோச்சடையில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வாசலில் இறங்கிவிடலாம். நல்ல கல்லூரிதான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். மற்றது மெட்ராஸ். கணிதத்துக்கு அங்கே கிடைக்கும் பாடம் வேறு எங்கும் கிடைக்காது என்று எங்கள் பள்ளியில் எல்லோரும் சொன்னார்கள். அந்த விண்ணப்பத்தை வாங்கிக் கொடுத்தவள் என் கூட்டாளி. சிம்மக்கல்லில் இருந்த சௌராஷ்டிரா வீட்டுப் பெண். அவள் மாமா மெட்ராஸில் இருந்தார், இரண்டாக வாங்கி அனுப்பியிருந்தார். ஹாஸ்டலில் ஒரு அறைக்கு இரண்டு பேர் என்று அதில் அச்சடித்திருந்தது. ஜன்னல் பக்கத்துக் கட்டில் அவளுக்கு, கதவுப் பக்கத்துக் கட்டில் எனக்கு என்று நாங்கள் அன்றைக்கே பங்கு பிரித்துவிட்டோம். நேர்முகத்தில் இங்கிலீஷில் கேட்பார்கள் என்று அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுப் பழகினோம். அவள் அம்மா கீழேயிருந்து அவர்கள் பாஷையில் ஏதோ கத்துவாள். சிரிப்பை நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

எனக்கு மெட்ராஸ் வேண்டும். பச்சைத் தண்ணீர் குடிக்கும்போதும் அதே நினைப்பு.

அப்பாவுக்குச் சிம்மக்கல்லில் வாழையிலை மொத்தக் கடை. அண்ணன் பி.காம். முடித்துவிட்டு அவரோடு கடையில் இருந்தான். நான் விண்ணப்பத்தை நீட்டியதும் அப்பா, "மெட்ராஸா? அம்புட்டுத் தொலவா?" என்றார், அதோடு சரி. மறுநாள் சாப்பிடும்போது, "ஏத்தா, அந்த ஹாஸ்டல்ல மேப்பார்வைக்குப் பொம்பளையா இருப்பாக?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. முடியாது என்கிற மனுஷன் எதற்கு இதையெல்லாம் கேட்கிறார்?

அப்போதுதான் அம்மா குறுக்கே வந்தாள். "நம்மளா ஒன்னும் சொல்ல வேணாம். குன்றத்துல பூப்போட்டுப் பாத்துருவோம். முருகன் என்ன சொல்றானோ அதான்."

எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு நம்பிக்கை. பத்தாவதோடு நிறுத்திவிடலாம் என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது, "எம்மக படிப்பா, ஒங்க வேலையப் பாருங்க" என்று எழுந்து போனவள் அவள். அப்பா வாயிலிருந்து இல்லை என்ற சொல் வந்துவிடாமல் தடுக்கத்தான் சாமியை இழுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அடி அசடே என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். அப்பா, "சரி, சாமி சொல்லிட்டா மறுபேச்சு இல்ல" என்றார். அவருக்குச் சாமி விஷயத்தில் விளையாட்டு கிடையாது. விபூதி கீழே சிந்தினாலே முகம் மாறிவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன் பூ வாங்கி வந்தான். சிவப்பு அரளி கொஞ்சம், வெள்ளை நந்தியாவட்டை கொஞ்சம். சிவப்பு வந்தால் மெட்ராஸ், வெள்ளை வந்தால் மதுரை. பூ அடுப்படியில் தட்டில் இருந்தது, பக்கத்தில் யாருமில்லை. இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்துக் கட்டினால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. கையைக்கூட நீட்டிவிட்டேன். சாமியிடமே தில்லுமுல்லா? அந்த இடத்தைவிட்டே ஓடிவிட்டேன். அம்மா வந்து தட்டை எடுத்துக்கொண்டு சாமி அறைக்குள் போனாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வாழையிலை நறுக்கில் பூவை வைத்து, ஒன்றுபோல இரண்டு பொட்டலம் மடித்து நாரால் கட்டினாள். அண்ணன் அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் முன்னால் போனான். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம்.

திருப்பரங்குன்றத்தில் அன்று நல்ல கூட்டம். குருக்கள் பொட்டலங்களைச் சாமி பாதத்தில் வைத்து எடுத்து வந்து தட்டோடு நீட்டினார். வரிசையில் யாரோ ஒருவர் தூக்கி வைத்திருந்த பெண் குழந்தையிடம் அம்மா, "ஒன்ன எடு தாயி" என்றாள். குழந்தை எடுத்துக் கொடுத்தது. அப்பா பிரித்தார். வெள்ளை.

நான் அழவில்லை. சாமி சொன்ன பிறகு அழுதால் அது சாமியோடு மல்லுக்கு நிற்பதுபோல ஆகிவிடும் என்று விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டேன். "இன்னொன்னப் பிரிக்கக் கூடாது, பிரிச்சா சாமியச் சந்தேகப்படுற மாதிரி" என்று சொல்லி அம்மா மற்றப் பொட்டலத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். பாதத்தில் இருந்த பூவைக் கண்ட இடத்தில் எறியக் கூடாதாம். மறுநாள் அப்பாவே என்னைக் கூட்டிப்போய், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை மதுரைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்தார்.

கூட்டாளி என்னைப் பிடித்து உலுக்கினாள். "பூவாவது மண்ணாவது! பயந்துட்டேன்னு சொல்லு." மெட்ராஸுக்குக் கடைசித் தேதி இன்னும் பத்து நாள் தள்ளி வரும் புதன்கிழமை. அதுவரை தன் விண்ணப்பத்தையும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னாள். வைத்திருந்து என்ன செய்ய என்று நான் வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. பொட்டலம் அங்கேயே இருந்தது. இலை சருகாகியிருந்தது. துணி பட்டதும் நொறுங்கி உள்ளே இருந்த பூ கையில் கொட்டியது. அரளி எப்படிக் காய்ந்தாலும் கொஞ்சமாவது சிவப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். இது பழுப்பேறிப் போன நந்தியாவட்டை. நான்கு பூ. நான்கும் அதே. ஒரு பொட்டு அரளி இல்லை.

அம்மாவிடம் கொண்டுபோய்க் கையை விரித்தேன். "ரெண்டும் வெள்ளைம்மா! ரெண்டும் வெள்ளை!" அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். பார்த்தாள். களைந்த தண்ணீரை வடித்துவிட்டு, "பைய ஒங்கண்ணந்தான வச்சிருந்தான்" என்றாள்.

கட்டியது அவள். என் கண்ணால் பார்த்தது. ஆனாலும் எனக்கு அவள்மேல் சந்தேகம் வரவில்லை பாருங்கள்! வழியில் சைக்கிளை நிறுத்தி மாற்றிவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டேன். தன்னை இலைக்கட்டுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள், தங்கச்சி மட்டும் மெட்ராஸ் போவதா என்ற வயிற்றெரிச்சல் என்று காரணமும் நானே கண்டுபிடித்துக்கொண்டேன். "அப்பாகிட்ட சொல்லிறாத ஆத்தா, அவனக் கொன்னே போட்ருவாரு. திங்கக்கெழம நானே வந்து புத்தகத்த வாங்கித் தாரேன்" என்று அம்மா என் தலையைத் தடவினாள்.

கடைக்கே போய்விட்டேன். அப்பா இலை பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருந்தார். அண்ணன் கட்டுகளைப் பிரித்து ஏட்டு இலை, நுனி இலை என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் மடியில் சருகை எறிந்தேன். "அடப்பாவி, ஏன்டா இப்டிப் பண்ணுன?" என்று கேட்டபடியே கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வயதில் மூத்தவன், திருப்பி ஒரு அறை விட்டிருந்தால் நான் வைகையில் போய் விழுந்திருப்பேன். அவன் சருகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மாகிட்ட காட்டுனியா?"

"காட்டுனேன். நீதான் பைய வச்சிருந்தனு சொன்னாக."

அவன் சருகை உதறிவிட்டு அடுத்த இலைக்கட்டைக் கையில் எடுத்தான். "அடிச்சிட்டேல்ல? வீட்டுக்குப் போ" என்றான்.

திங்கட்கிழமை அம்மாவும் நானும் கல்லூரிக்குப் போனோம். ஆபீஸில் இருந்த கிளார்க் நல்ல மனுஷர். புத்தகத்தைத் திருப்பி வாங்கலாம், வீட்டுப் பெரியவர்கள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் இங்கே இடம் போய்விடும் என்றார். போனால் போகட்டும் என்றேன். அவர் பீரோவைத் திறந்து, தேடி, என் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கை நீட்டினால் எட்டும். புதன்கிழமைக்கு இன்னும் முழுசாக ஒரு நாள் கிடந்தது. மறுநாள் சாயங்காலம் ரயில் ஏறினால்கூடப் போதும்.

அம்மா சேலை முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "சார், இது சின்னப் புள்ள. கூட்டாளி போறாளேனு ஏங்கிப்போயி நிக்கிது. புத்தகம் இங்கனயே இருக்கட்டும்" என்றாள்.

கிளார்க் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். என்னம்மா செய்கிறாய் என்று கத்தினேன். போகிற வருகிற பெண்களெல்லாம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"அவன ஒன்னும் சொல்லாத" என்றாள். "கட்டுனது நாந்தான். அரளியப் பூக்கூடைக்குள்ள போட்டு மறச்சிட்டேன். அங்க கெடந்ததப் பாத்துட்டு அவன் அன்னைக்கே கேட்டான். சொல்லாதனு சத்தியம் வாங்கிட்டேன்."

"அப்பா சொல்லிச் செஞ்சியா?"

"அவரு போகட்டும்னுதான் சொன்னாரு. பூப்போடுறதுக்கு மொத நாளே சொல்லிட்டாரு, எங்கிட்ட. சாமிக்குனு வாய் விட்டாச்சு, பூவப் போட்டுத்தான் ஆகணும்னு நாந்தான் நின்னேன்."

இதை எழுதும்போதுகூடக் கை நிற்கிறது. அப்பா சரி என்று சொல்லியிருக்கிறார். அதை என்னிடம் சொல்ல வேண்டியவள் அவள். சொல்லாமல் வைத்துக்கொண்டு, குன்றம்வரை என்னைக் கூட்டிப்போய், வரிசையில் நிறுத்தி, ஊரான் குழந்தையிடம் தாயி என்று கொஞ்சி எடுக்கச் சொல்லியிருக்கிறாள். நான் தொடப் பயந்து ஓடிய தட்டு அது. அந்த வீட்டில் சாமிக்குப் பயந்தவள் நான் ஒருத்திதான்போல.

"இப்பவே போயி அப்பாகிட்ட சொல்றேன்."

"சொல்லு" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "சாமி காலடியில பொய்ய வச்சவ கையால அவரு ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிப்பாரா? போ, சொல்லு. ஒம் புத்தகம் ஒனக்குக் கெடைச்சிரும்."

செய்வதையும் செய்துவிட்டு, அதைக் காப்பாற்றும் வேலையையும் என் தலையிலேயே கட்டினாள். அண்ணன் ஏன் அறையை வாங்கிக்கொண்டு வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. செவ்வாய்க்கிழமை விடிந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை அவர் பக்கத்தில் போய் நின்றேன். "என்னத்தா?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் கூட்டாளி ரயில் ஏறிப் போய்விட்டாள். கதவுப் பக்கத்துக் கட்டிலுக்கு யார் வந்தார்கள் என்று நான் கேட்டு எழுதவே இல்லை.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு கழுத, கொசுக் கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றான்.

ஏன் செய்தாள் என்று அந்த வேப்ப மரத்தடியிலேயே அம்மாவிடம் கேட்டிருந்தேன். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்: "அவுக ரெண்டு பேரும் காலையில போயி ராத்திரி வாராக. வந்தாலும் கட பேச்சுத்தான். அந்த வீட்டுல எங்கூடப் பேசுறது நீ ஒருத்திதான்டி. நீயும் போயிட்டா நான் யாருகூடப் பேசுவேன்?"

அவள் சொன்னது நிஜம். மூன்று வருஷம் மதுரையிலேயே, அந்த வீட்டிலேயே இருந்துதான் படித்தேன். பட்டம் வாங்கிய அன்றுவரை, கேட்டதற்குப் பதில் சொன்னதைத் தவிர அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.