கொடுத்த கோலைத் திரும்ப வாங்கியது

எனக்குப் பயம் வந்தால் முதலில் காது சூடாகும். அடுத்து, தேவையே இல்லாமல் பேச ஆரம்பித்துவிடுவேன். நான் ஹாக்கி நடுவர் தேர்வு எழுதப்போகிற செய்தி, திருக்கோகர்ணத்துக்கும் புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கும் நடுவே ஏறி இறங்குகிற அத்தனை பேருக்கும் தெரிந்துபோனது அப்படித்தான். யாரும் பரப்பவில்லை. டிக்கெட் கொடுத்துக்கொண்டே நானேதான் பரப்பினேன்.

இருபது வருடத்துக்கு மேலாக டவுன் பஸ் கண்டக்டர். பள்ளிக்கூடத்தில் ஹாக்கி ஆடியிருக்கிறேன். ஆடினேன் என்பதைவிட, பந்து வராத பக்கமாகப் பார்த்து நின்றேன் என்பது சரியாக இருக்கும். ஒரு விடுமுறை நாளில் மைதானத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனபோது, இரண்டு நடுவர்களில் ஒருவர் வரவில்லை. யாருக்காவது விசில் ஊதத் தெரியுமா என்று கேட்டார்கள். என் சட்டைப்பையிலேயே விசில் இருந்தது. அன்று ஒரு மணி நேரம் ஊதினேன். நான் கை காட்டிய திசையில் இருபத்திரண்டு பேர் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போனார்கள். பஸ்ஸில் தொண்டை கிழிய "உள்ள போங்க" என்று கத்தினாலும் படிக்கட்டை விட்டு ஒருத்தர் நகர்ந்ததில்லை. அந்தச் சுகம் பிடித்துவிட்டது.

இனிமேல் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான் மாவட்டப் போட்டிகளில் ஊதலாம் என்று பிறகு சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் பயிற்சி. கடைசி நாள் எழுத்துத் தேர்வு, ஓட்டம், அதன்பின் ஒரு நிஜ ஆட்டம். மூன்றிலும் தேற வேண்டும். தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் டிரைவர் எனக்கு விளக்கினார்.

"பெயிலாயிட்டீங்கன்னா வேற ரூட்டுக்கு எழுதிக் குடுத்துருங்கண்ணே. இந்தச் சனம் ஒங்கள நிம்மதியா விசில் ஊத விடாது."

அவர் சொன்னது விளையாட்டுக்கு. எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

விதிப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு மாதம் அதைத் தோள்பையிலேயே வைத்திருந்தேன். காலை வண்டியில் ஏறுகிற கல்லூரிப் பிள்ளைகளிடம் புரியாத வரியைக் காட்டி அர்த்தம் கேட்பேன். ஜன்னலோரம் உட்காரும் பெரியவர் ஒருவருக்கு இதெல்லாம் வீண்வேலையாகப் பட்டது. கோலுக்குள் போனால் கோல்தானே, இதற்கு எதற்கு ஒரு புத்தகம் என்றார். அப்படியில்லை ஐயா, கோலுக்கு முன்னால் ஒரு அரைவட்டம் போட்டிருக்கும், அதற்குள் வைத்துத் தாக்குகிற அணிக்காரர் பந்தைத் தொட்டிருந்தால்தான் கோல், வெளியே இருந்து நேராக அடித்தால் செல்லாது என்று அவருக்கு இரண்டு நிறுத்தம் விளக்கினேன். எவ்வளவு தெளிவாக விளக்கினேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பயிற்சி கொடுக்க வந்தவர் திருச்சிக்காரர். ஒரு காலத்தில் மாநில அணிக்கு ஆடியவர். வெள்ளைத் தொப்பி, கையில் அட்டை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் பேனா. எல்லாரும் மேடம் என்றோம். வந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் உடற்பயிற்சி ஆசிரியர்கள். எனக்கு ஜோடியாக அமைந்தவர் ஆவூர்ப் பக்கத்துப் பள்ளி டீச்சர். எட்டாம் வகுப்பைப் பார்க்கிற பார்வையிலேயே உலகம் மொத்தத்தையும் பார்ப்பார்.

விசில் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். சின்னத் தப்புக்குச் சிறிதாக, பெரிய தப்புக்கு நீளமாக, அழுத்தமாக ஊத வேண்டும் என்றார் மேடம். நான் எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை ஊதினேன். பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போகலாம். இத்தனை வருடம் ஊறிய வாய் அது. பயிற்சி ஆட்டத்தில் ஒரு பெண் பந்தைக் காலால் நிறுத்தினாள். தப்பு. இரட்டை விசில் கொடுத்தேன். ஆடியவர்கள் டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வருகிறவர்கள். நிற்பதற்குப் பதிலாக இன்னும் வேகமாக ஓடினார்கள். இது போதாதென்று, ஒரு கையை நீட்டித் திசை காட்டிய கையோடு, மறு கையால் தொடையில் தட் தட் என்று தட்டினேன். பஸ் தகரத்தைத் தட்டுகிற பழக்கம். ஆட்டம் முடிந்ததும் டீச்சர் என் பக்கம் வந்தார்.

"சார், அந்தத் தொடை என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார், சிரிக்காமல்.

எழுத்துத் தேர்வில் தேறினேன். ஓட்டத்திலும் தேறினேன். கடைசிச் சுற்றில் நான் வயிற்றைச் சுமந்து ஓடினேனா, அது என்னை இழுத்துக்கொண்டு ஓடியதா என்று சொல்லத் தெரியவில்லை. கொடுத்த நேரத்துக்குள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தோம். மீதி இருந்தது ஆட்டம்.

இரண்டு பெண்கள் கல்லூரி அணிகள். மைதானத்தில் ஒரு பாதி எனக்கு, மறு பாதி டீச்சருக்கு. செம்மண் மைதானம், புதிதாகப் போட்ட சுண்ணாம்புக் கோடுகள். மேடம் என் பாதியில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் ஊதும்போதெல்லாம் குனிந்து அட்டையில் ஏதோ எழுதினார். ஊதாமல் விட்டாலும் எழுதினார். என் காது சூடாக ஆரம்பித்தது. ஒரு பெனால்டி கார்னர் கொடுத்தேன், எழுதினார். தண்ணீர் குடித்தேன், அதற்கும் எழுதினார். கொஞ்ச நேரத்தில் நான் ஆட்டத்தைப் பார்ப்பதை விட்டு அந்தப் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டமார் என்று சத்தம். திரும்பினேன். பந்து கோலுக்குள் பலகையில் பட்டு உருண்டுகொண்டிருந்தது. தாக்குகிற அணி குதிக்கிறது. நானும் ஊதி, இரண்டு கையையும் மைதான நடுவை நோக்கி நீட்டினேன். கோல்.

அதற்கப்புறம்தான் கீப்பரைப் பார்த்தேன். அவள் பந்தைத் தடுக்க முயன்ற மாதிரியே தெரியவில்லை. இடுப்பில் கை வைத்து, பஸ்ஸுக்கு நிற்பதைப்போல நின்றிருந்தாள். எந்த கீப்பரும் கோலை அப்படி விடமாட்டாள், வெளியே இருந்து வந்த பந்து என்று தெரிந்தாலொழிய. யார் அடித்தது, எங்கிருந்து அடித்தது, நடுவில் யார் ஸ்டிக்காவது பட்டதா, எனக்கு எதுவும் தெரியாது. அந்த நேரம் நான் பேனாவில் இருந்தேன்.

மாற்றினால் பெயில். மாற்றாவிட்டால் ஒருவேளை பாஸ். அன்று எனக்கு அப்படித்தான் தோன்றியது. பெரிய நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த கீப்பர் தினம் எட்டரை வண்டியில் வருகிற பெண். மறுநாள் காலையில் அவள் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் உள்ளே போம்மா என்று நான் சொல்ல வேண்டுமே.

தலைக்கு மேல் கைகளைக் குறுக்கே வைத்து நேரத்தை நிறுத்தினேன். டீச்சரிடம் ஓடினேன்.

"டீச்சர், உள்ள வச்சு யாராச்சும் தொட்டாங்களா?"

"நீங்க பாக்கலையா?"

"பாக்கல."

"பாக்காமதான் கோல் குடுத்தீங்களா?"

"குடுத்துட்டேன் டீச்சர்."

எட்டாம் வகுப்பைப் பார்க்கிற அதே பார்வை. "கோட்டுக்கு ஒரு எட்டு வெளிய நின்னு அடிச்சா. உள்ள எந்த ஸ்டிக்கும் படல."

திரும்பி வந்து, ஒரே ஒரு விசில் ஊதி, கோல் இல்லை என்று கைகளை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினேன். கோலை இழந்த அணியின் கேப்டன், குட்டையான, குரல் பெரிய பெண், நேராக என்னிடம் வந்தாள். "அண்ணே, குடுத்த கோலத் திரும்ப வாங்குனா எப்படிண்ணே?" என்றாள். நான் பார்த்தது தப்பு என்றேன். பார்க்கவே இல்லை என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை. மிச்ச ஆட்டம் முழுக்கப் பந்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

மேடம் நாற்காலிக்கு அருகே கூப்பிட்டார்.

"அந்தப் பந்து உள்ள போனப்ப நீங்க எங்க பாத்துக்கிட்டு இருந்தீங்க?"

எதிர்வெயில், கோடு அழிந்துவிட்டது, ஆட்கள் மறைத்துவிட்டார்கள் என்று மூன்று பதில் தயாராக இருந்தது. பதற்றத்தில் நிஜம் வெளியே வந்துவிட்டது.

"ஒங்க பேனாவ, மேடம்."

அவர் அட்டையைத் திருப்பி என்னிடம் காட்டினார். மார்க் எதுவும் இல்லை. எந்த நிமிடத்தில் என்ன ஊதினேன், எதை ஊதாமல் விட்டேன் என்று வரிசையாக நேரம் மட்டும் எழுதியிருந்தது. தண்ணீர் குடித்த நேரத்தில் ஒன்றுமே இல்லை. பேனா எழுதவில்லை என்று உதறிக்கொண்டிருந்தாராம்.

"மார்க் இனிமேதான் போடுவேன்," என்றார். "நிக்க வேண்டிய இடத்துல நிக்கல, அதுக்குக் கொறைப்பேன். பாக்கல, அதுக்கு இன்னும் கொறைப்பேன். தெரியலன்னு நிறுத்தி, போய்க் கேட்டீங்க. அதுக்குப் போடுவேன். பாஸ்தான். ஆனா மொத ஆறு மேட்ச் இந்த டீச்சரோடதான் ஊதணும்."

ஆறு ஆட்டம் அந்தப் பார்வையின் கீழ். பாஸ் என்ற சொல் காதில் விழுந்த பிறகு எதையும் தாங்கலாம் போலிருந்தது.

வெளியே அணியின் வேனுக்குப் பக்கத்தில் அந்த கேப்டன் நின்றிருந்தாள். பாஸா அண்ணே என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"எங்க கோலப் புடுங்கித்தான பாஸாயிருக்கீங்க. டீ வாங்கிக் குடுங்க."

நியாயம்தான். மைதானத்துக்கு எதிர்க்கடையில் இரண்டு அணிக்கும் டீ சொன்னேன். டீச்சரும் வந்தார். கீப்பர் கால்கவசத்தைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேர் இடத்தைப் பிடித்துக்கொண்டாள். கேப்டன் மட்டும் விடவில்லை. பஜ்ஜித் தட்டைக் கோலாக்கி, பிஸ்கட்டைப் பந்தாக்கி, அது கோல்தான் என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். டீச்சர் பிஸ்கட்டை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார். அவள் அதை மறுபடி உள்ளே தள்ளினாள். நான் இன்னொரு சுற்று டீ சொல்லிவிட்டு, இந்தத் தடவை பிஸ்கட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.