கார் காட்டிய பெயர்

“போனை அணைச்சாச்சா சார்? வண்டிக்குள்ள போயிட்டா அப்புறம் எதுவும் உங்களுது இல்ல.” கேட்டு முடித்த பிறகுதான் ‘மெதுவா’ டீச்சர் சாவியைத் தருவார். கார் ஓட்டக் கற்றுத்தருவது அவர் தொழில். வாய்க்கு வாய் ‘மெதுவா’ என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். ஐம்பதைத் தாண்டிக் கற்க வந்த நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

காது மடலில் எப்போதும் ஒரு பென்சில். கியர் சரியாக விழாவிட்டால் தன் பல் கூசியதுபோல முகம் சுளிப்பார், திட்ட மாட்டார். “வண்டிக்கு வலிக்குது, கேக்குதா?” என்பார்.

டீச்சர் இந்தக் கார் வாங்கிய புதிதில், போனை இணைக்கட்டுமா என்று திரையில் ஏதோ கேட்டதாம். “சரின்னு அமுக்கிட்டேன். என்ன கேக்குதுன்னு யார் சார் முழுசா படிக்கிறா?” போனிலிருந்த பெயர்கள், அழைப்புகள், செய்திகள் எல்லாம் அன்றே காருக்குள் குடியேறிவிட்டன.

டீச்சருக்கு ஒரே அண்ணன். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர், வெள்ளைத் துணியோடு கறுப்பை ஊறவைக்கலாமா என்று நாளெல்லாம் தங்கைக்குப் போன் போடுவார். ஒருமுறை பாடத்தின் நடுவே டீச்சர் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஓட்டிக்கொண்டிருந்த மாணவி மின்கம்பத்தில் மோதப் பார்த்தாள். அந்த எரிச்சலில் அண்ணனின் எண்ணுக்கு ‘எடுக்காதே’ என்று பெயர் வைத்துவிட்டார்.

பிறகு ஒருநாள் அண்ணனைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போகக் கிளம்பியபோது போனைக் காணவில்லை. டீச்சர் இருக்கைக்கு அடியில் துழாவினார். “இரு, நான் அடிக்கிறேன். சத்தம் வரும்ல” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் தன் போனை எடுத்தார். கார் முழுக்க மணி ஒலித்தது. திரையில் பெரிய எழுத்தில் வந்தது: எடுக்காதே. பார்வை மங்கல் என்றுதான் மருத்துவரிடம் போவது. அதை மட்டும் அவர் ஒரே பார்வையில் படித்துவிட்டார்.

“அண்ணா, அது பாடம் நடக்கும்போது…”

“சரி, கிளம்பும்மா. நேரமாச்சு.”

அதன்பின் அண்ணன் போன் செய்வதில்லை. டீச்சர் செய்தால், “நீ வேலையா இருப்பே, வச்சிடறேன்” என்கிறார். போனில் பெயரைத் திருத்திய பிறகும் காரின் பழைய அழைப்புகளில் அது அப்படியே நின்றது. கார் விற்ற இடத்தில் கேட்டதற்கு, “இதுல அழிச்சுத் தர்றேன் மேடம். ஏற்கெனவே கார் கம்பெனிக்குப் போயிட்டதை எங்களால தொட முடியாது” என்றாராம் ஊழியர்.

“யார் யார் படிப்பாங்களோன்னு பயந்தேன் சார்,” என்றார் டீச்சர் என்னிடம். “அப்புறம் தோணுச்சு, படிக்கக் கூடாதவர்தான் படிச்சாச்சே.”

நேற்று பாடம் முடிந்ததும் டீச்சர் தன் அண்ணன் வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னார். மறுபடி மருத்துவரிடம் போகவேண்டிய நாள். நான் இறங்கிச் சாவியைக் கொடுத்தேன். டீச்சர் முன்கதவைத் திறந்துபிடித்து, “வாண்ணா” என்றார்.

“பரவால்லம்மா. நான் பின்னால உக்காந்துக்கறேன்.” அண்ணன் ஏறிக்கொண்டார்.

டீச்சர் திறந்த கதவைச் சாத்தினார். சாவியோடு சற்று நின்றார். பிறகு ஓட்டுநர் இருக்கையைக் காலியாக விட்டு, மறுபக்கம் சுற்றிப் போய், பின்கதவைத் திறந்து, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.