தார் பூசிய விறகு

பச்சை விறகின் நாற்றத்தைக்கூட மறந்துவிட்டேன். அந்த விறகைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் பெரிய மனிதர்கள் சிரித்தபடி வந்த முகங்களை நினைத்தால்தான் இன்றைக்கும் குமட்டுகிறது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்தில் ஒரு வாரம் சாலைகளை மறித்த வருஷம் அது. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகும் ரோட்டில் இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளினார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது, ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை. மறியலில் உட்கார்ந்தவர்களைப் பற்றி எங்கள் பஜாரில் ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். மரம் விழுந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது மரத்தை வெட்டியவர்களைப் பற்றி இல்லை, எங்களைப் பற்றி.

மாமனாருக்கு பஜாரில் ஜவுளிக் கடை. நான் மூத்த மருமகள், அடுப்படி என் பொறுப்பு. நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்து பெண் குழந்தை பெற்றிருந்தாள். குழந்தைக்கு இருபத்திரண்டு நாள். எங்கள் வீடுகளில் நாற்பது நாள் முடியும்வரை தாய்க்கும் பிள்ளைக்கும் சுடுதண்ணீர்க் குளியல் உண்டு. குளித்த ஈரம் தலையில் தங்கக் கூடாது என்று அடுப்புக் கங்கை அள்ளிச் சட்டியில் போட்டு, சாம்பிராணி தூவி, மேலே கூடையைக் கவிழ்த்துப் பிள்ளையின் தலையைப் புகையில் காட்டுவார்கள். அதனால் அந்த நாற்பது நாளும் பின்கட்டு வெந்நீர் அடுப்பு அணையவே அணையாது.

விறகு விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம். கல்வராயன் மலைச் சரிவிலிருந்து பெண்கள் சந்தை நாளில் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். நான் கட்டை அவிழ்க்கச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். காய்ந்த விறகு கைக்கு லேசாக இருக்கும், ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும், வெட்டு முகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். துரிஞ்சியும் வேலமும் இருந்தால் வேறு பேச்சே இல்லை, கங்கு நின்று எரியும். இலவம் வெறும் புகை. தைலமரம் பொறி தெறிக்கும், பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஆகாது. பெயின்ட் பட்டது, ஆணி அடித்தது, பழைய கதவு, ஜன்னல் சட்டம் எதுவும் என் அடுப்புக்குள் போகக் கூடாது. அதன் புகை சோற்றிலும் இறங்கும், நெஞ்சிலும் இறங்கும். ஒருமுறை மாமா காசு மிச்சமென்று கொண்டுவந்து போட்ட ஜன்னல் சட்டத்தைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டேன். மகனுக்குப் பெண் பார்க்கும்போதுகூடத் தான் இவ்வளவு பார்க்கவில்லை என்று மாமா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மறியல் வாரத்தில் மலைப் பெண்கள் கீழே இறங்கவில்லை. இருந்த விறகை வெந்நீர் அடுப்பு தின்று தீர்த்தது. மூன்றாம் நாள், ரோட்டில் மரம் மரமாகக் கிடக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள் என்று ஒருத்தன் சொல்ல, ஊரே கோடாலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.

நானும் தண்ணீர்க் குடம் கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் ஒரு கிளையை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதென்று அதன்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் இரண்டு மாதத்துக்கு விறகு அடுக்கி வைத்திருந்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு கொம்புக்கு இரண்டு குடும்பம் அடித்துக்கொண்டது, இரண்டு பக்கமும் கெட்ட வார்த்தை. கடைக்குப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கைக்கூடக் கையில் வாங்காத என் மாமா, லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு அரிவாளோடு நின்றார். அரசாங்க மரம், நம்முடைய வரியில் வளர்ந்தது என்று எனக்கு விளக்கம் வேறு.

எல்லோரும் எடுத்தது மணிக்கட்டு கனம், கை கனம் உள்ள கிளைகளைத்தான். வீட்டு அடுப்புக்கு அதுதான் தோது. அடிமரத்தை அறுக்க வாளும் ஆப்பும் வேண்டும், அது யாருக்கும் வேண்டாம். தின்றுவிட்டுப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி அடிமரம் மட்டும் ரோட்டில் கிடந்தது. மாமா அதையும் சும்மா விடவில்லை. அடியிலிருந்து பட்டையைப் பாளம் பாளமாகப் பெயர்த்தார். சாலை மரங்களுக்கு வருஷா வருஷம் ஒரு பட்டை சுண்ணாம்பும் ஒரு பட்டை தாரும் அடிப்பார்களே, அந்தக் கறுப்பு வெள்ளையோடு. ஒரு பாளத்தில் மரத்தின் நம்பர் போட்ட தகரம்கூட ஆணியோடு இருந்தது. அதைப் பரிசு வாங்கியது போல மேலே வைத்துக்கொண்டு வந்தார்.

பச்சைப் புளி எரியுமா? அடுப்பில் வைத்தால் மறுமுனையில் நுரை தள்ளிச் சீறியது. வீடு முழுக்கப் புகை, சோற்றில் வாடை. மூன்று நான்கு மாதமாவது வெயிலில் கிடக்க வேண்டும் என்று சொன்னேன். மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார் மாமா. மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? மறுநாள் காலை ஒன்றரை மணி நேரம் ஊதுகுழலில் ஊதினேன். கண் வீங்கிவிட்டது. உள்ளேயிருந்து நாத்தனார் தண்ணீர் சுட்டதா, தண்ணீர் சுட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எரிச்சலில் ஒரு பட்டைப் பாளத்தை எடுத்து உள்ளே சொருகினேன். தார் குப்பென்று பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிஷத்தில் அண்டா கொதித்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஜன்னல் சட்டத்தைத் தெருவில் எறிந்த அதே கைதான் இன்னும் இரண்டு பாளத்தை எடுத்துப் போட்டது.

குளிப்பாட்டி முடித்ததும் மாமி சாம்பிராணிச் சட்டியை நீட்டினார். நான் கங்கை வாரிப் போட்டேன். பாதி எரிந்த பட்டைத் துண்டு ஒன்றும் கூடவே விழுந்தது. அது கரி மாதிரியேதான் இருந்தது. ஒரு கணம் உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கூடைக்குள்ளிருந்து கறுப்பாகப் புகை வந்தது. நன்றாகப் புகைகிறது என்று மாமி பிள்ளையைக் குப்புறப் பிடித்துக் காட்டினார்.

பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் பயப்பட்டிருக்க மாட்டோம். இருமப் பார்த்தது, வரவில்லை. உதடு நீலமாகியது. தூக்கி வெளியே கொண்டுபோய் முதுகைத் தடவியதும் மூச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போய்வந்தது. பால் குடிக்கவில்லை. நாத்தனார் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். மாமி முந்தின நாள் வந்து போன பக்கத்து வீட்டுக்காரியின் கண் பட்டுவிட்டது என்றார். மிளகாய் சுற்றிப் போட வேண்டும், பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதி ஊதிக்கொண்டு வர வேண்டும். மிளகாய் சுற்றினால் அதையும் நெருப்பில்தான் போடுவார்கள். நான் மிளகாயைக் கையிலிருந்து பிடுங்கினேன்.

“கண்ணு இல்ல மாமி. தாரு. ரோட்டு மரத்துத் தாரு. நான்தான் கங்குல போட்டுட்டேன்.”

மாமிக்குக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மாமாவுக்கு விழுந்தது. அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ரோட்டு மரம்னு கத்தாதம்மா. நாலு பேரு காதுல வுழுந்தா இன்னா நெனப்பாங்க?”

பேத்திக்கு மூச்சு இழுக்கிறது, இவருக்கு நாலு பேர். ஊர் கம்பவுண்டர் வந்து நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, உடனே கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். என் வீட்டுக்காரர் திருப்பூருக்குச் சரக்கு எடுக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். மாமா ஒரு மாட்டு வண்டி பிடித்தார். அவர் முன்னால் உட்கார, நானும் நாத்தனாரும் பிள்ளையோடு ஏறினோம்.

வண்டி ஊரைத் தாண்டி வாய்க்கால் ஓரம் போனதும் நின்றுவிட்டது. குறுக்கே அடிமரம். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் தண்ணீர் கட்டிய கரும்புத் தோட்டம். வண்டி சுற்றிப் போக இடமில்லை. அந்த மரத்தை எனக்கு அடையாளம் தெரிந்தது. அடியில் பட்டை உரித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

மறியல்காரர்கள் ஐந்தாறு பேர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தார்கள். எங்கள் மாடுகளை அவிழ்த்துப் பூட்டி மரத்தை ஓரம் இழுத்துவிடலாம் என்று ஒருவர் கயிறோடு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கயிற்றைக் கட்டிப் பார்த்தார். அது வழுக்கி வழுக்கி வெளியே வந்தது.

“கொம்பு இருந்தா கயிறு போட்டு மாட்ட வுட்டு இழுத்துரலாங்க. எல்லாத்தையும் மழிச்சிக்கினு பூட்டாங்க. இப்ப எத்தப் புடிச்சி இழுக்கறது?”

மாமா கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் காறித் துப்பலாம் போல இருந்தது. என்மேலும்தான்.

வண்டியை அங்கேயே விட்டோம். பிள்ளையை மரத்துக்கு அந்தப் பக்கம் கைமாற்றிக் கொடுத்தார்கள். பச்சை உடம்புக்காரி நாத்தனாரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து ஏற்றி இறக்கினார்கள். இப்படி எத்தனை மரம் ஏறி இறங்கினோம் என்று நினைவில்லை. எல்லா மரமும் மொட்டையாகவே கிடந்தது, எல்லா ஊர்க்காரர்களும் எங்களைப் போலத்தான். பாதி வழிக்கு மேல் ஒரு வண்டி கிடைத்தது. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு மூக்கில் குழாய் வைக்கும்போது சாயங்காலமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் மறியல் முடிந்து பஸ் ஓடத் தொடங்கியிருந்தது.

வீட்டு வாசலில் இறங்கும்போதே அந்த வாடை வந்தது. பிள்ளையை நாத்தனார் கையில் கொடுத்து உள்ளே வராதே என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினேன். வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் பாளங்கள். மாமி சாம்பிராணிச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இந்தப் பட்டைதாம்மா நல்லா புடிக்குது. ஆஸ்பத்திரி தீட்டு போவ ரெண்டு செம்பு ஊத்தி, பொக காட்டிரலாம்.”

அவரைப் பொறுத்தவரை அது கண் பட்டதுதான். நாங்கள் இல்லாதபோது ஹஜ்ரத்தை ஓதச் சொன்னதில் சரியானதுதான். நான் அண்டாத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்தேன். மீதமிருந்த பட்டைகளை அள்ளிக்கொண்டு போய்க் கடை வாசலில், தார் பூசிய பக்கம் மேலே தெரியும்படி போட்டேன். நம்பர் தகரத்தை எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். கடையில் துணி அளந்துகொண்டிருந்த மாமா தலையைத் தூக்கவில்லை. கூடியவர்களிடம் இதன் புகையில்தான் எங்கள் பிள்ளை சாகப் பிழைத்தது, இது தார், விஷம், யாரும் எரிக்காதீர்கள் என்று தொண்டை கட்டும்வரை சொன்னேன். எல்லோரும் ச்சு கொட்டினார்கள். ஒரு பெண் குனிந்து பட்டையைத் தொட்டு, நன்றாகக் காய்ந்திருக்கிறதே என்றாள்.

மறுநாள் காலை கடை வாசல் தெளிக்கப் போனேன். ஒரு பாளம்கூட இல்லை. தகரத்தைக்கூட விடவில்லை. மண்ணில் புதைக்க வேண்டியதைத் தெருவில் கொட்டி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவள் நான்தான். வீட்டுக்குத் திரும்பினால் எங்கள் தெருவில் எங்கிருந்தோ தார் வாடை வந்தது. செம்பை அப்படியே கீழே வைத்தேன். கைக்குழந்தை இருக்கிற வீடு எங்கள் தெருவில் மூன்று. முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன்.