கடிச்சா வா

அதையா கேட்டான் உன் வீட்டுச் சொந்தக்காரன்? தொவைக்கிற கல்லுக்குப் பின்னாடி பொந்து இருக்கு, நேத்து அதுலேர்ந்து பாம்பு தலைய நீட்டுச்சு, வந்து அடைச்சுக் குடுங்கன்னு நீ போய் நிக்கிறே. அவன் பல்லுக் குத்திக்கிட்டே "கடிச்சுதா"ங்கிறானா? உக்காருடி. அந்தப் புளிச்ச கீரைய இப்படிக் குடு, ஆய்ஞ்சுக்கிட்டே சொல்றேன். அடுப்புல சோறு இருக்கு, அது கொதிக்க நேரமாகும்.

இதே கேள்விய என்கிட்டயும் ஒருத்தன் கேட்டான். சப்பான்காரன் குண்டு போடுறதுக்கெல்லாம் ரொம்ப முந்தி, நான் கல்யாணமாகிக் கப்பல்ல ரங்கூன் வந்து ஒரு வருஷம்கூட ஆகல. கேட்டவன் செத்து மண்ணாப் போயிட்டான். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. அடங்கவும் வேணாம், அத நெனைச்சா எனக்கு நல்லாப் பசிக்கும்.

அப்ப ரங்கூனுக்குப் பக்கத்துல இன்சீன்ல இருந்தோம். ரயில் பட்டறைக்குப் பக்கத்துலயே லைன் வீடு. ஒரே அறையில நடுவுல சாக்குத் தட்டி கட்டி, இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் என் ஓரகத்தியும் அவ புருசன் மச்சானும். ஓரகத்தின்னா இவரோட அண்ணன் பொண்டாட்டி. வாய்க்காரி. அவ வெத்தல போட்டுத் துப்புனா முருங்க மரம் தாண்டி விழும்.

தண்ணிக் குழாய் வேலிக்கு அந்தப் பக்கம். நடுவுல இடுப்பளவு புல்லு. ரயில்வே எடந்தான், ஆனா பட்டறை மேஸ்திரி அதுல கத்தி வைக்க விடமாட்டான். அவன்கிட்ட மூணு பசு இருந்துச்சு. அதுகளுக்கு மேய்ச்சல் வேணுமாம். லைன்ல இருந்த பதினாலு பொம்பளையும் நாளைக்கு நாலு நடை அந்தப் புல்லுக்குள்ளதான் போகணும். அட்டை ஏறும்னு முழங்கால் வரைக்கும் கிழிஞ்ச சாக்கைச் சுத்திக்குவோம். பாக்குறதுக்கு மூட்டைக்குக் கால் மொளைச்ச மாதிரி இருக்கும்.

பட்டறைச் சத்தம் உனக்குத் தெரியாது. எஞ்சின் ஆவி விடும் பாரு, "உஸ்ஸ்ஸ்"ன்னு. வந்த புதுசுல நான் ஒவ்வொரு தடவையும் துள்ளுவேன். எங்க ஊர் வயல்ல அந்தச் சத்தம் கேட்டா, எடுத்த கால அப்படியே நிறுத்திடணும். ஓரகத்தி சிரிப்பா. "எஞ்சின் மூச்சு விடுதுடி, அதுக்கெல்லாம் எகிறுனா புள்ள எறங்கிரும்"பா. ரெண்டு மாசத்துல பழகிப் போச்சு. காது இருந்தும் செவிடு.

அன்னிக்கு ரெண்டு பேரும் குடத்தோட போறோம். அவ முன்னால, நான் பின்னால. எனக்கு ஏழு மாசம். வயிறு மறைச்சு என் காலே எனக்குத் தெரியாது. "உஸ்ஸ்ஸ்"ங்குது. நான் பாட்டுக்கு நடக்கிறேன். மறுபடியும் "உஸ்ஸ்ஸ்."

"என்னடி இன்னிக்கு எஞ்சின் இவ்வளவு கிட்டக்க நிக்குது"ங்கிறா ஓரகத்தி.

"புதுசா ஒண்ணு வந்திருக்கும்க்கா"ங்கிறேன் நான்.

அன்னிக்கு ஞாயித்துக்கெழமைடி. பட்டறை பூட்டிக் கெடக்கு. வீட்டுல ரெண்டு ஆம்பளையும் பாய்ல மல்லாந்து கெடக்கிறதத் தாண்டித்தான் குடத்தத் தூக்கிட்டு வந்தோம். அப்பவும் உறைக்கல.

அடுத்த எட்டுல அவ காலைப் பிடிச்சிருச்சு. பல்லு சாக்கு நூல்ல மாட்டிக்கிச்சு, உருவ முடியல. அவ காலை ஒதறுறா, அது காலோட சேந்து ஆடுது. முழங்கை மொத்தம் இருக்கும், முதுகு பூரா சங்கிலி சங்கிலியா வட்டம். கண்ணாடி விரியன். வேலியோரத்துக் குடிசையில ஒரு பர்மாக்கார அம்மா இருந்தா. அமான்னு கூப்பிடுவோம், அவங்க பேச்சுல அக்கான்னு அர்த்தம். அவ மூங்கிக் கழியோட ஓடிவந்து கழுத்த மண்ணோட அமுக்குனா. ஓரகத்தி என் இடுப்புல இருந்த பித்தளைக் குடத்தப் பிடுங்கி, தலைக்கு மேல தூக்கி ஒரே போடு. எங்கம்மா எனக்குக் குடுத்த குடம். கடேசி வரைக்கும் அந்த ஒடுக்கு போகல, போனாப் போகுது.

அமா சாக்கைப் பிரிச்சு, காலத் திருப்பித் திருப்பிப் பாத்தா. சாக்குல ரெண்டு எடத்துல மஞ்சளா ஈரம். தோல்ல ஒரு கீறல் இல்ல. "அறுப்பு நேரம், வயல்லேர்ந்து எலி இங்க வரும், எலிக்குப் பின்னாடி இதுவும் வரும். என் தம்பி இதுலதான் போனான்"னு சொல்லிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா.

அந்தச் சாக்கை எடுத்துக்கிட்டு மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். இவரும் மச்சானும் கூட வந்தாங்க. எதுக்கு வந்தாங்க? கை கட்டி நிக்கிறதுக்கு.

"புல்ல அறுக்கச் சொல்லுங்க"ன்னா ஓரகத்தி.

"கடிச்சுதா?"

"சாக்கைக் கடிச்சுது."

"சாக்குக்கு ஒண்ணும் ஆகலியே. காலைக் கடிச்சா வா, பாக்கலாம்."

நான் வயித்தத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். அடுத்த நடையில அது என் காலா இருந்தா, போறது ரெண்டு உசுரு. அவனுக்கு மாடு மேயணும். எங்க வீட்டு ஆம்பளை "சரிங்க மேஸ்திரி"ங்கிறார். சரிங்களாம். அந்த "சரிங்க"வ அவர் சாகுற வரைக்கும் சொல்லிக் காமிச்சேன்.

மறுநாள் பட்டறைச் சங்கு ஊதி ஆம்பளைங்க உள்ள போனதும், ஓரகத்தி லைன் வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுத்தா. பதினாலு பேரும் அரிவாளோட வந்துட்டோம். நெல்லு அறுத்து வளந்த கையிதானே எல்லாம். ஒரே வரிசையா நின்னு, வேலியிலேர்ந்து குழாய் வரைக்கும் அறுத்துத் தள்ளிட்டோம். என்ன மட்டும் குனிய விடல, அமாவோட கழிய வச்சு முன்னால தட்டிக்கிட்டே போனேன். கட்டுக் கட்டாக் கட்டி, அவ்வளவையும் மேஸ்திரி வாசல்ல அடுக்குனோம். கதவு பாதி மறைஞ்சு போச்சு.

மத்தியானம் சாப்பிட வந்தான். "எவளக் கேட்டுடி அறுத்தீங்க?"

ஓரகத்தி வெத்தலைய ஒதுக்கிக்கிட்டா. "ஒங்க மாட்டுக்குத்தான் மேஸ்திரி. உள்ள ஏதாச்சும் படுத்திருக்கான்னு நாங்க பாக்கல. கடிச்சா வாங்க."

அவன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்டி. கட்டைத் தொடப் பயம். மாடு மூணும் வந்து புல்லு முன்னாடி நின்னு கத்துது, இவன் எட்ட நின்னு கம்பால ஒவ்வொரு கட்டாக் குத்திக்கிட்டே இருக்கான். சங்கு ஊதுற வரைக்கும் குத்துனான். சாப்பிடாமத் திரும்பிப் போனான். பதினாலு பேரும் வாசல்ல உக்காந்து அதப் பாத்துக்கிட்டே சாப்பிட்டோம். எனக்கு மூணு தடவ சோறு போட்டா ஓரகத்தி.

சும்மா விட்டானா? இவரையும் மச்சானையும் எஞ்சின் சாம்பல் வார்ற குழியில தள்ளிட்டான். தைப்பூசம் வரைக்கும் ரெண்டு பேரும் கரிப்பூச்சாண்டியா வந்தாங்க. இவர் என்கூடப் பத்து நாள் பேசல. பேசாட்டிப் போங்கன்னுட்டேன். புள்ள நல்லபடியாப் பொறந்துச்சு. அவனத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு அந்த வழியில வெறுங்காலோட தண்ணிக்குப் போனேன்.

அதனால நீ அவன்கிட்ட மறுபடி போய்க் கெஞ்சாத. நாலு பேராச் சேந்து பொந்தைத் தோண்டிப் பாத்து அடைப்போம், தோண்டி எடுத்த மண்ணையும் கல்லையும் கொண்டுபோய் அவன் படியில கொட்டுவோம். நான் வர்றேன், எனக்கு இன்னும் குனிய முடியும். அப்ப அவன் என்ன கேக்குறான்னு...

இரு. "உஸ்ஸு"ங்குது பாரு. அடுப்புலதான், சோறு பொங்கி நெருப்புல வழியுது. கீரைய எடுத்து வை, எறக்கிட்டு வந்துர்றேன்.